பெல்ட்டும் மஞ்சளும் என் பெருங்குடலும்

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்க்கிற வேலைக்குக் கண்ணும் காதும் சரியாக இருந்தால் போதும் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். குடலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறினதும் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டைத் தேடுகிற என் இனத்தாரே, இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கால் மணி நேர நடை

நெய்வேலியில் நான் கான்ட்ராக்ட் ஆள். கம்மாபுரம் பக்கத்தில் இருந்த எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போனபிறகு வீட்டில் வருமானம் என்றால் இந்த வேலை ஒன்றுதான். நிலக்கரி ஓடுகிற பெல்ட் ஓரமாக நடந்து, கல் சிக்கியிருக்கிறதா, எங்காவது கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாற்று ஆள் வராமல் இடத்தை விட்டு நகரக் கூடாது. என் இடத்திலிருந்து கக்கூஸ் கால் மணி நேர நடை. ஒரு நாளைக்குப் பத்து தடவை போகிறவன் பாடு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கக்கூஸுக்குப் பக்கத்திலேயே ஒரு தகர ரூம். உள்ளே ஃபேன், நாற்காலி, சுவிட்ச் போர்டு. ஒன்பது வருஷமாக அது பெல்ட் சுவிட்சைப் பார்த்துக்கொள்கிற அன்பழகன் அண்ணனின் இடம்; அந்த நாற்காலியை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. ஒருநாள் பக்கத்து பெல்ட் ஆளைக் கெஞ்சி நிற்க வைத்துவிட்டு மூன்றாம் தடவையாக நான் ஓடி வந்தபோது, டீயில் மூன்றாவது ஸ்பூன் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே கேட்டார்: "ஏன்டா தம்பி, நீ வேலைக்கு வர்றியா, இங்க வந்து போறதுக்கு நடுவுல வேலை பாக்குறியா?"

காவலுக்கு வைத்த ஆள்

ரத்தம் போக ஆரம்பித்ததும் என் மனைவி கலைச்செல்வி என்னைப் புதுச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, "பெருங்குடல் அழற்சி" என்றார். கிருமி இல்லையாம். நோயை எதிர்க்க உடம்புக்குள் இருக்கிற காவல்படையே என் குடலைப் போட்டு அடிக்கிறதாம். டவுன்ஷிப் கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி, திருடனை விட்டுவிட்டு குவார்ட்டர்ஸில் குடியிருப்பவனை அடித்தால் எப்படி, அப்படி.

கலைச்செல்விக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த மாதிரி ஆளை எதுக்கு வெச்சிக்கினு இருக்கணும்? தூக்கிட முடியாதா?" என்றாள். டாக்டரம்மா மாத்திரைச் சீட்டை எழுதிக்கொண்டே சொன்னார்: "தூக்கிட்டா நிஜத் திருடன் உள்ள வந்துடுவான்மா. வேலையில வெச்சுக்கிட்டேதான் அவரை வழிக்குக் கொண்டு வரணும்."

ஷிப்ட் முழுக்க வைத்தியர்கள்

எங்கள் ஷிப்டில் எல்லா மாவட்டத்து ஆளும் உண்டு. விஷயம் தெரிந்த ஒரே வாரத்தில் எனக்கு எல்லா மாவட்டத்து மருந்தும் வந்து சேர்ந்தது. திண்டுக்கல்காரர் மாதுளம்பழத் தோலைக் காயவைத்துப் பொடித்துத் தந்தார். தஞ்சாவூர்க்காரர் தன் குவார்ட்டர்ஸ் தோட்டத்து வில்வப் பழத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். அன்பழகன் அண்ணன் விரலி மஞ்சளை மந்தாரக்குப்பத்து மிஷினில் அரைத்து ஒரு டப்பா நிறையக் கொடுத்தார். இப்போது சிரிக்கிறேன், ஆனால் கேட்காமலேயே கொண்டுவந்த கைகள் அவை. நன்றி சொல்லப் போனால் அண்ணன் இன்னொரு ஸ்பூன் பொடியையும் டப்பாவுக்குள் அமுக்கிப் போட்டு நீட்டினார். "குணமானா என் மஞ்சள்னு சொல்லு. ஆவலன்னா தஞ்சாவூரார் குடுத்த பழம்னு சொல்லிடு."

நானே டாக்டர் ஆனேன்

மாத்திரையும் மஞ்சளுமாக ஒரு மாதம் போனது. ரத்தம் நின்றது, எடை ஏறியது. நான் பேரை மஞ்சளுக்குக் கொடுத்துவிட்டு, கலைச்செல்விக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்தினேன். இந்த இடத்தில் உங்களில் பாதிப் பேர் தலையைக் குனிந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நிறுத்தின மூன்றாவது வாரம், பகல் ஷிப்ட். வயிறு பிடுங்கியது. கூப்பிடுகிற தூரத்தில் யாரும் இல்லை. பெல்ட் நெடுக ஒரு அவசரக் கயிறு ஓடும்; இழுத்தால் பெல்ட் நின்றுவிடும். ஆளோ கையோ மாட்டினால் மட்டும் இழுக்க வேண்டிய கயிறு அது. இழுத்துவிட்டு ஓடினேன். பாதி வழிகூடத் தாண்டவில்லை, எல்லாம் முடிந்துவிட்டது.

சூப்பர்வைசர் ஜீப்பில் பறந்து வந்தார். எவனோ உள்ளே மாட்டிக்கொண்டான் என்று அவர் முகமே வெளுத்திருந்தது. இடுப்பில் துண்டோடு நின்று உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. "உசுரு போற அவசரத்துக்கு வெச்ச கயிறுய்யா அது. இனிமே உன்னைத் தனியா பெல்ட்டுல விட முடியாது. கக்கூஸ் பக்கத்துல இருக்கறது ஒரே எடம், அதுலயும் ஆள் இருக்கு. நாளைக்கு வந்து ஹெல்மெட்டைக் குடுத்துட்டுப் போ."

மஞ்சளுக்கும் ஒரு இடம்

அன்று சாயங்காலம் மாத்திரை விஷயம்வரை எல்லாவற்றையும் என் வாயிலிருந்து பிடுங்கிய கலைச்செல்வி, டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். வேலை போகப் போகிறது என்பதைவிட, இவரிடம் மாட்டிக்கொண்டதுதான் அந்த நிமிஷத்தில் பயமாக இருந்தது. அவர் மஞ்சளைப் பழிக்கவில்லை. அதில் குர்குமின் என்று ஒரு பொருள் இருக்கிறது, மாத்திரையோடு சேரும்போது அந்தக் காவல்காரரைக் கொஞ்சம் அடக்க சிலருக்கு உதவுகிறது என்றார். அதுவும் குழம்புக்குப் போடுகிற பொடி இல்லையாம்; அளவு பார்த்துப் பிரித்தெடுத்தது. மற்ற பொடிகளை அவரிடம் கேட்காமல் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, கடைசியாகச் சொன்னார்: "மஞ்சள் மாத்திரைக்குப் பக்கத்துல நிக்கட்டும். மாத்திரையோட எடத்துல உக்காரக் கூடாது."

நாற்காலி

மறுநாள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். தகர ரூமுக்கு வெளியே அன்பழகன் அண்ணன் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே நாற்காலி காலியாக இருந்தது. என் பெல்ட்டுக்கு அவர், அவர் ரூமுக்கு நான் என்று காலையிலேயே சூப்பர்வைசரிடம் எழுதிக் கொடுத்துவிட்டாராம். "ஏண்ணே?" என்றேன். "சக்கரை இருக்குதுடா எனக்கு. நடக்கணும்னு டாக்டர் சொல்லிக்கினே இருக்காரு" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன்.

டீ நேரத்துக்கு வந்தவர் வழக்கம்போல ஒன்று, இரண்டு, மூன்று என்று சர்க்கரை போட்டுக் கலக்கினார். "அண்ணே, சக்கரைன்னு சொன்னீங்களே" என்றேன். கிளாஸை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "அது நேத்து ராத்திரி வந்த சக்கரைடா, டாக்டருக்கே தெரியாது. நீ எதுவும் சொல்லிக்கினு இருக்காத."

இப்போது மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாமல், டாக்டரம்மாவுக்குத் தெரிந்தே கொஞ்சம் மஞ்சளும் சேர்த்துக்கொண்டு அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். என்னைக் காப்பாற்றியது எது என்று கேட்டால் மூன்றையும் சொல்வேன், நாற்காலியை மட்டும் கொஞ்சம் சத்தமாக.