பேய்க்கோடு

எங்கள் கடையில் அவருக்குப் பேயோட்டி என்று பெயர். இரும்புக் கட்டுமானங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேன். அந்த அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுப்பது நான்தான். திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றை அவர் தேர்வு செய்து முடிப்பதற்குள் வேறு யாராவது வீடு பார்த்து, சாமான் ஏற்றி, குடியே போயிருப்பார்கள்.

மற்றவர்கள் வந்தால் ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று கேட்பார்கள். இவர் சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுப்பார். அதில் ஒரே ஒரு வரைபடம். தூண்கள்மேல் நிற்கும் ஓர் இரும்பு மேடை. அதைத் திறந்து, இரண்டு தூண்களுக்கு நடுவே சாய்வாகப் போகும் ஒரு கோட்டை அழிப்பார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்ப்பார். சில மட்டமான கார்டுகளில், அழித்த கோடு உடனே மறையாது. வரைபடத்தில் அது இருக்காது, திரையில் மட்டும் நின்றுகொண்டிருக்கும். மவுஸ் சக்கரத்தை லேசாக உருட்டினால் திரை புதிதாகி, கோடு காணாமல் போய்விடும். வரைகிறவர்கள் அதைப் பேய்க்கோடு என்பார்கள். அந்தப் பேயைத் தேடித் தேடிப் பார்ப்பதால் இவர் பேயோட்டி ஆனார்.

எனக்குப் புரியாதது வேறு. கோடு சுத்தமாக மறைந்தால் நல்ல கார்டு என்று மனுஷன் சந்தோஷப்பட வேண்டாமா? முகம் தொங்கிப்போகும். "இதுலயும் இல்ல," என்று முனகிவிட்டுப் பென்டிரைவை உருவிக்கொள்வார்.

சென்ற மாதம் அவருடைய முதலாளி புது மெஷின் வாங்கச் சொல்லியிருந்தார். மற்ற பாகங்களில் எங்களுக்குள் தகராறே இல்லை. பிராசஸரில் கோர் நிறைய இருப்பதைவிட ஒவ்வொரு கோரும் வேகமாக இருப்பதுதான் வரைகிற வேலைக்கு முக்கியம் என்றேன். தலையாட்டினார். கார்டுக்கு வந்ததும் வழக்கமான சோதனை. புதுக் கார்டு கோட்டை நொடியில் விழுங்கிவிட்டது. அவர் முகம் விழுந்ததைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், உங்களுக்கு நல்ல கார்டு வேணுமா, கெட்ட கார்டு வேணுமா? ஒண்ணைச் சொல்லுங்க."

"கெட்டதும்மா," என்றார்.

விளையாட்டில்லை. தன் பழைய மெஷினில் இருந்த கார்டின் மாடலைச் சொல்லி, அது எங்கேயாவது கிடைக்குமா என்று கேட்டார். எதற்கு என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரொம்ப வருஷம் முன்னாடி இந்த மேடை விழுந்துடுச்சும்மா. அடியில ஒரு வெல்டர் நின்னுட்டு இருந்தாரு. அங்கேயே செத்துட்டாரு. கட்டினவங்க படத்துல இருந்தபடிதான் கட்டினாங்க. நான் அனுப்பின படத்துல மேடையைத் தாங்கற இந்தச் சாய்வுக் கம்பி இல்ல. இது அதுக்கு முந்தின காப்பி. ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி நான் பாத்தேன். ஸ்கிரீன்ல இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சு."

"உங்களை ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. கையெழுத்துப் போட்ட இன்ஜினியரைத்தான் கேட்டாங்க. என் வீட்டுக்காரிகூட மறந்துடுங்கன்றா. எப்படி மறக்கறது? நான் நெஜமாவே பாத்தேனா, பாத்ததா நெனச்சுக்கிட்டேனா? அது தெரிஞ்சா போதும்மா எனக்கு."

அதன்பிறகு அவரைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. கடைக்குப் பின்னால் செத்த மெஷின்களைக் குவித்து வைத்திருக்கிறோம். மறுநாள் காலையிலிருந்து அதைக் கிளறினேன். அவர் சொன்ன கார்டு, தூசி அப்பி, ஒரு பழைய பெட்டிக்குள் கிடைத்தது. துடைத்து, அந்தக் காலத்து மென்பொருளையும் ஏற்றி, அவரை வரச் சொன்னேன்.

வந்தார். வரைபடம் திறந்தது. சாய்வுக் கோட்டைத் தேர்ந்தெடுத்தார். டெலீட் பொத்தான்மேல் விரலை வைத்தவர் தட்டவில்லை. "நான் அழிக்கட்டுமா சார்?" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தானே டெலீட்டைத் தட்டினார்.

கோடு அப்படியே இருந்தது.

அழித்தாகிவிட்டது என்று கீழே ஒரு வரி வந்தது. கோடு நகரவில்லை.

"இருக்கு பாரும்மா! இருக்குல்ல?"

"இருக்கு சார்! கார்டுதான் உங்களை ஏமாத்தியிருக்கு. உங்க மேல தப்பே இல்ல!"

அவர் சிரித்தார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். டீ சொல்லலாம் என்று எழுந்தபோது அவர் சிரிப்பு நின்றிருந்தது. டெலீட் பொத்தான்மேல் இன்னும் கிடந்த தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காட்டினது கார்டு. சரி. அழிச்சது யாரும்மா?"

எழுந்தவள் திரும்ப உட்கார்ந்தேன்.

"அந்தப் படத்தை என்னைத் தவிர யாரும் தொடல. வேற எதையோ அழிக்கறப்ப இதையும் சேத்து அழிச்சிருக்கேன்."

பாழாய்ப்போன இந்தக் கார்டைத் தேடி எடுத்திருக்கவே வேண்டாம் என்று தோன்றியது. மெஷினை அணைத்துவிடலாம் என்று மவுஸை எடுக்கப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதம்மா. இந்தக் கோடு நிக்கற வரைக்கும் மேடை விழல."