அம்மாவை அழைக்கப் போன வாடகைக் கார்

மஸ்கட்டில் நான் முதன்முதலில் வாடகைக்கு எடுத்தது ஒரு சின்ன வெள்ளைக் கார். ஊரிலிருந்து அம்மா ஒரு மாத விசிட் விசாவில் வருகிறாள். விமான நிலையத்திலிருந்து அவளை நானே ஓட்டிக் கூட்டி வர வேண்டும் என்று ஆசை. அந்த நாட்டு லைசென்ஸ் கைக்கு வந்து கொஞ்ச நாள்தான். பயிற்சி வண்டியில் பக்கத்தில் இருந்த மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வாடகைக் காரில் இருந்த ஒரே பிரேக் எனக்கு மட்டும் சொந்தம்.

கேரள எல்லையில், எங்கள் பாறசாலைப் பக்கத்தில் ஒருவர் கல்ஃபிலிருந்து வருகிறார் என்றால் வேன் பிடித்துத்தான் திருவனந்தபுரம் போவோம். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், சர்ச்சில் கூடப் பாடுகிறவர் எல்லாரும் ஏறிக்கொள்வார்கள். ஏர்போர்ட்டின் கம்பித் தடுப்பில் சாய்ந்து நின்று, ஆள் வெளியே வந்ததும் ஒரே ஆரவாரம். திரும்பும்போது பாலராமபுரத்தில் நிறுத்தி சாயாவும் பழம்பொரியும். ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த மாதிரி இருக்கும்.

பஞ்சாயத்தின் தொழிலுறப்பில், அதாவது நூறு நாள் வேலையில், ரோட்டோரப் புல்லும் புதரும் வெட்டிக் காடு செத்துகிறவள் அம்மா. எந்த வேன் கிளம்பினாலும் பின் சீட்டில், யாராவது ஒருவருடைய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவளும் போவாள். எங்கள் வீட்டிலிருந்து மட்டும் யாரும் அந்த ஏர்போர்ட் கதவு வழியாக வெளியே வந்ததில்லை. பள்ளிக்கூடம் முடித்து, காலேஜ் முடித்து, வெளிநாடு வந்த முதல் ஆள் நான். எனக்கோ லீவு கிடைக்கவில்லை. அதனால்தான் அவளை வரவழைத்தேன். தெரிந்த ஒரு குடும்பம் ஊருக்குப் போனதில் அவர்கள் அறையும் ஒரு மாதத்துக்குக் கிடைத்தது.

ஊராரையெல்லாம் அழைக்கப் போனவள், இங்கே வந்து இறங்கும்போது நான் ஒருத்தன் மட்டும் நிற்பதா? என் அறையில் கூட இருந்த நான்கு பேரிடமும் சொன்னேன். நால்வரும் எங்கள் பக்கத்து ஆட்கள்; ஊர்ப் பேர்தான் கூப்பிடும் பேர். மூத்தவரான வெள்ளறடை அண்ணன் ஏசி மெக்கானிக்.

"சொல்லவா செய்யணும்? ஒத்தைக்குப் போயி எடுத்துட்டு வாறதுக்கு அம்மா என்ன பார்சலாலே?" என்றார்.

வெள்ளிக்கிழமை, எல்லாருக்கும் விடுமுறை. குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் ஐந்து பேரும் ஏறினோம். முதல் ரவுண்டானாவில் இண்டிகேட்டர் என்று நினைத்து நான் தட்டியது வைப்பரை. ஊரில் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கை; இங்கே வண்டி போவது வலப்பக்கம், காருக்குள்ளும் எல்லாம் இடம் மாறியிருக்கும். ஒரு சொட்டு மழையில்லாத கண்ணாடியை அது கறகறவென்று துடைத்தது.

"மழை உண்டோ அண்ணா?" என்றான் பின்னாலிருந்த காட்டாக்கடைப் பையன். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவன், வாய் ஓயாதவன்.

"எலே, வலத்தோட்டு ஒதுங்குலே. இது நம்ம ஊரு அமரவிளை ரோடா?" இது வெள்ளறடை அண்ணன்.

விமான நிலையத்துக்குப் பிரியும் இடம் வந்தபோது நாலு பேரும் ஒரே நேரத்தில் வழி சொன்னார்கள். நான் நேராகப் போய்விட்டேன். அந்த அகலச் சாலையில் நினைத்த இடத்தில் வண்டியைத் திருப்ப முடியாது. போய்க்கொண்டே இருந்தோம்.

"ஃப்ளைட் எறங்கியாச்சு," என்று போனைப் பார்த்துச் சொன்னான் காட்டாக்கடைப் பையன். அம்மாவின் போன் அந்த நாட்டில் வேலை செய்யாது. அவள் வெளியே வந்து, தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒவ்வொரு முகமாகத் தேடுவாள். அதை நினைத்து ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தினேன்.

ஒருவழியாகத் திரும்பி வந்து, காரை நிறுத்தி ஓடினோம். கயிறு கட்டிய இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகளோடு ஒரு தூணருகே அம்மா நின்றிருந்தாள். முகம் சின்னதாகிப் போயிருந்தது. ஐந்து பேர் அவளை நோக்கி ஓடி வருவதைப் பார்த்ததும் அவள் தன் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், வேறு யாருக்கோ என்பதுபோல.

"எல்லாரும் எனக்காக்குமா வந்தது?"

"பின்ன வேற ஆரை விளிக்க?" என்றார் வெள்ளறடை அண்ணன்.

அம்மா ஒவ்வொருவர் கையாகப் பிடித்தாள். "நீ எங்க மக்கா?" "காட்டாக்கடை." "காட்டாக்கடையில எங்க? சந்தைக்கு மேலயா, கீழயா?" என்று அங்கேயே நின்று, கேட்டுக் கேட்டு அவன் வீட்டு வாசல் வரைக்கும் போய்விட்டாள்.

காருக்கு வந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. சீட்டு ஐந்து. நாங்களே ஐந்து. டிக்கியில் ஒரு பெட்டிதான் போனது; மற்றது பின் சீட்டை அடைத்துக்கொண்டது. ஊரில் வேனில் இடம் இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்?

"மடியில இருந்தா கொள்ளாதா?" என்றாள் அம்மா.

"இங்க போலீசு பிடிக்கும் அம்மா. நீங்க காருல போங்க, நாங்க பஸ்ஸுல வாறோம்," என்றார் அண்ணன்.

"அதெப்படி? என்னைய விளிக்க வந்த பிள்ளையள பஸ்ஸுல விட்டுட்டு நான் காருல போவதா? பெட்டி காருல வரட்டு. நம்ம எல்லாரும் பஸ்ஸு."

"அம்மா, உங்களுக்காக்கும் நான் இந்தக் காரு எடுத்தது."

"அது நாளைக்கும் ஓடுமில்லியா மக்கா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவளோ காட்டாக்கடைப் பையனின் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பஸ்ஸின் பின்னாலேயே காரை ஓட்டினேன். அது வலது ஓரமாகப் போனது, நானும் போனேன். பஸ்ஸின் பின்கண்ணாடியில் அவர்களுடைய தலைகள் தெரிந்தன. கடைசி சீட்டில் இருபுறமும் இரண்டிரண்டு பேர், நடுவில் அம்மா. கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னாள், நால்வரும் குலுங்கிச் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் இருக்கும். என் கோபம் எந்த இடத்தில் போனது என்று தெரியவில்லை.

நாங்கள் ஐந்து பேரும் இருந்த அந்த அறை இப்போது இல்லை. ஆளுக்கொரு திசையில் இருக்கிறோம். அன்று பஸ்ஸை முந்திப் போக எத்தனையோ முறை வழி கிடைத்தது. நான் போகவில்லை. ஒரு நிறுத்தத்தில் பஸ் நின்றபோது அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். பையப் பைய வா என்று கண்ணாடிக்குள்ளிருந்து கையால் காட்டிவிட்டு, மறுபடி அவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.