மெயினைப் பிடுங்கிய பிறகு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் வயர்மேன். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். அதுவும் பட்டப்பகலில்.

ஒரு காலத்தில் குடிசைகளை அகற்றிவிட்டு அரசாங்கம் கட்டிக்கொடுத்த நாலு மாடிக் குடியிருப்பு அது. சுவரெல்லாம் ஊதி, கம்பி துருத்திக்கொண்டு நின்றது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். குடியிருந்தவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பியாயிற்று. இடிப்பதற்கு முன்னால் கரன்ட்டைத் துண்டிப்பது என் வேலை.

மூன்றாம் மாடிக் கடைசி வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றாள். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள். உள்ளே ஃபேன் ஓடியது. பாயில் ஒரு குழந்தை.

"அண்ணே, இப்பதான் கண்ணசந்தான். ஃபேனை நிறுத்திடாதீங்க."

"எல்லாரும் போயாச்சே, நீங்க போகலையா?"

"அவரு வேலைக்குப் போயிருக்காரு. வந்ததும் கிளம்பிடுவோம்."

கீழே வந்து இன்ஜினியருக்கு போன் போட்டேன்.

"சார், மூணாவது மாடியில ஒரு குடும்பம் இருக்கு."

"யாருய்யா இருக்கா? எல்லாரையும் வண்டியேத்தி அனுப்பியாச்சு. மெயினைப் பிடுங்கு."

பிடுங்கினேன். மனசு கேட்கவில்லை. சாமான் இறக்கவாவது கைகொடுப்போம் என்று மறுபடி மேலே ஏறினேன்.

ஃபேன் சத்தம்.

கர்ர்... கர்ர்... கர்ர்...

சுவிட்ச் போர்டில் டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

குழந்தையின் முடி மட்டும் அசையவில்லை...

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மெதுவாக... ஏறி வந்தது.

அவள் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். சிரித்தாள்.

"வந்துட்டீங்களா!"

திரும்பினேன். யாருமில்லை.

ஃபேன் நின்றது.

பாய் இல்லை.

அவள் இல்லை.

எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை தெரியாது.

மறுவாரம் புது அடுக்குமாடியில் வயரிங் வேலை. பழைய குடியிருப்பிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அந்த வீட்டுக் கதையை அவர்தான் சொன்னார். மேல்தளம் பெயர்ந்து விழுந்து, தாயும் மகனும் தூக்கத்திலேயே போய்ச்சேர்ந்து பல வருஷமாயிற்றாம். புருஷன் அப்போது வேலையில் இருந்திருக்கிறார். அந்த வீட்டை விட்டு நகரமாட்டேன் என்று கிடந்தவரை, கடைசியில் வலுக்கட்டாயமாகத்தான் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

"அவரை நான் பார்க்கலாமாம்மா?"

"எங்க போய்ப் பார்க்கிறது? நீங்க கரன்ட்டைப் பிடுங்கின அன்னிக்கு மத்தியானம்தான்... 'வீட்டுக்குப் போறேன்'னு சொல்லிட்டுப் படுத்தாரு. எழுந்திரிக்கவே இல்லை."