வாசலில் சுடுகாட்டுப் பூ

என் வீட்டு வாசலில் இருக்கும் நித்யகல்யாணியை நான் நர்சரியில் வாங்கவில்லை. வேலைக்குப் போகும் வழியில் சுடுகாட்டு மதிலோரம், ஜல்லிக்கற்களுக்கு நடுவே முளைத்திருந்தது. வண்டியை நிறுத்தி இறங்கி, வேரோடு ஒரு கன்றைப் பிடுங்கி டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். யார் கேட்டாலும் இதை மறைக்காமல் சொல்லியிருக்கிறேன். மறைத்திருந்தால் பாதித் தொல்லை இருந்திருக்காது என்று என் கணவர் இன்றும் சொல்கிறார்.

எங்கள் வீடு வில்லியனூருக்கு வெளியே, கரும்புக் கொல்லையை மனை போட்டு விற்ற இடத்தில் இருக்கிறது. வீட்டில் நான், கணவர், மகள். நான் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வீடு கட்டி முடித்த வருடத்தில் ஆசை ஆசையாக ரோஜா வைத்தேன். ஒரு வாரம் தொடர்ந்து இரண்டு டூட்டி பார்த்துவிட்டு வந்து பார்த்தபோது குச்சியாக நின்றது. மல்லி, போர் தண்ணீரின் உப்பு தாங்காமல் மஞ்சளாகிப் போனது. கனகாம்பரத்தைத் தெரு ஆடுகள் தின்றன. செத்த செடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் வந்தது. வார்டில் முப்பது பேருக்கு என்னிடமிருந்து ஏதாவது வேண்டும். வீட்டுக்கு வந்தால் இரண்டு பேருக்கு வேண்டும். செடிக்கும் நான்தான் ஓட வேண்டுமா?

நித்யகல்யாணி எதையும் கேட்கவில்லை. நட்ட இரண்டு நாள் ஒரு பழைய கூடையைக் கவிழ்த்து நிழல் கொடுத்தேன், அவ்வளவுதான். மூன்றாம் வாரம் ரோஸ் நிறத்தில் பூத்தது. கத்திரி வெயிலில் மத்தியானம் இலைகள் துவண்டு தொங்கும், பொழுது சாய்ந்ததும் தானாக நிமிர்ந்துவிடும். ஆடு ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டுக் கசப்பில் துப்பிவிட்டுப் போனது. விதை விழுந்த இடமெல்லாம் முளைத்தது. அடுத்த வருடத்துக்குள் வாசற்படியின் இரண்டு பக்கமும் வரிசையாகச் செடிகள். ஆடி, மார்கழி என்றில்லாமல் எந்த மாதமும் பூ. டூட்டி முடிந்து வரும்போது கேட்டைத் திறந்து ஒரு நிமிடம் சும்மா நிற்பேன். என்னை எதிர்பார்க்காத ஒன்று நன்றாக இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

என் கணவரின் அக்கா பாகூரில் இருக்கிறார். தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அவர் சொல்லுக்கு என் கணவர் மறு சொல் சொன்னதில்லை. ஒருமுறை வந்த அண்ணி, செடிகளைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டார்.

"இன்னாடி இது, சுடுகாட்டுப் பூவ கொண்ணாந்து வாசல்ல வச்சிகினு கீற?"

"நல்லா பூக்குது அண்ணி. தண்ணிகூட கேக்கறதில்ல."

"பொணம் போற எடத்துல பூக்கறது வூட்டுக்கு இன்னாத்துக்கு? கல்யாண வயசுல பொண்ண வச்சிகினு!"

"அதுக்குப் பேரே நித்யகல்யாணி அண்ணி. பேர்லயே கல்யாணம் இருக்குது."

அவர் சிரிக்கவில்லை. போகும்போது தம்பியைத் தனியாக அழைத்துப் பேசிவிட்டுப் போனார்.

போன வருடம் மகளைப் பெண் பார்க்க மூலக்குளத்திலிருந்து ஒரு குடும்பம் வருவதாக ஏற்பாடாயிற்று. அண்ணி கொண்டுவந்த வரன். அண்ணி முந்தின நாளே வந்துவிட்டார். "நாளைக்கி அவங்க வரும்போது அந்தச் செடி அங்க இருக்கக் கூடாது" என்றார். நான் யூனிபார்மோடு வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். "யாரும் அதுல கை வைக்கக் கூடாது" என்று அண்ணியும் கணவரும் கேட்கும்படி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மத்தியானம் திரும்பி வந்தபோது வாசல் மொட்டையாக இருந்தது. செடிகள் எல்லாம் காம்பவுண்டு ஓரம் வேர் மேலே தெரியக் குவிந்து கிடந்தன. கணவர் பின்பக்கக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். நகத்தில் இன்னும் மண் இருந்தது.

"அக்கா சொன்னா நான் இன்னா பண்றது?" என்றார்.

"நான் சொன்னப்போ இன்னா பண்ணீங்க?"

நான் யூனிபார்மை மாற்றவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் குழி தோண்டினேன். ஒவ்வொரு செடியாக எடுத்து நட்டேன். அண்ணி வாசற்படியில் நின்று, "பித்து புடிச்சிடுச்சா உனக்கு?" என்று கேட்டார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மகள் ஒரு வாளித் தண்ணீரோடு வந்து உட்கார்ந்தாள். வேரில் ஊற்றினாள், மண்ணை அமுக்கினாள். என் வெள்ளை யூனிபார்ம் முழுக்கச் சேறு. கடைசிச் செடியை நட்டு முடித்தபோது எனக்கு முதுகு நிமிரவில்லை.

மறுநாள் அவர்கள் வந்தபோது செடிகளில் ஒரு பூ இல்லை. எல்லாம் தலை தொங்கி நின்றன. ஆனாலும் நின்றன. மாப்பிள்ளையின் அம்மா காரைவிட்டு இறங்கியதும் அங்கேதான் பார்த்தார். அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது.

"ஐய, நித்யகல்யாணியா! இது எலய அரச்சிக் குடிச்சா சக்கர கொறயும்னு வீடியோல பாத்தன். எங்க தேடியும் கெடைக்கல. போவும்போது ஒரு பை பறிச்சிக் குடுங்க."

அண்ணிக்கு எங்கிருந்து அவ்வளவு சந்தோஷம் வந்ததோ. "போவும்போது இன்னாத்துக்கு? இப்பவே பறிச்சித் தரன்" என்று கேரி பேக்கைத் தேடி உள்ளே ஓடப் பார்த்தார். நான் வழியில் நின்றேன்.

"வேணாம் அண்ணி." பிறகு அந்த அம்மாவிடம் சொன்னேன். "தப்பா நெனைக்காதீங்கம்மா. இது விஷம். மாத்திரையும் போட்டுகினு இதையும் குடிச்சிட்டு, சக்கர எறங்கி மயங்கி விழுந்தவங்கள வார்டுல பாத்திருக்கன்."

"கேன்சருக்கே இதுலேர்ந்துதான் மருந்து எடுக்கறாங்களாமே?"

"எடுக்கறாங்க. அது பாக்டரில பிரிச்சி, அளந்து வர்றது. அத ஏத்தும்போது நாங்க கையுறை போட்டுக்குவோம். நரம்ப வுட்டு ஒரு சொட்டு வெளிய போனாலும் சத வெந்துடும். பூ வேணும்னா, பூத்ததும் சாமிக்கு எவ்ளோ வேணா பறிச்சிக்குங்க. எல மட்டும் தர மாட்டன்."

கூடத்தில் பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா என்னை விட்டுவிட்டு அண்ணியிடம் திரும்பி, "நாலு எலைக்கே இப்டி பேசறாங்களே!" என்றார். மகளிடம் இரண்டு கேள்வி கேட்டார்கள். போன் பண்ணுகிறோம் என்றார்கள். போன் வரவில்லை.

"செடிய வச்சதும் தப்பு. அத குடுக்காததும் தப்பு" என்றார் அண்ணி. ஒரே செடிக்கு இரண்டு குற்றம். முதல் நாள் அது வீட்டுக்கு ஆகாத பிணப்பூ, மறுநாள் சம்பந்தி கேட்டதும் வாரிக் கொடுக்க வேண்டிய மூலிகை. இரண்டு நாளும் என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை. "வச்சதும் நான்தான், குடுக்காததும் நான்தான் அண்ணி. அந்த அம்மா குடிச்சிட்டு விழுந்திருந்தா அதுவும் நான்தான்" என்றேன்.

மகளிடம்தான் எனக்குப் பயம் இருந்தது. சமையலறையில் பாத்திரம் துலக்கும்போது, "உனக்கு வருத்தமாடி?" என்று கேட்டேன்.

"அவரு பாக்க நல்லாத்தான்மா இருந்தாரு" என்றாள். அவள் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள். "ஆனா அந்த வூட்ல போயி நான் எதுக்குனா வேணாம்னு சொன்னா, அவரு அப்பவும் போனத்தான் பாத்துகினு இருப்பாரு."

அவளுக்காக அன்று அழுதேன். இலையைக் கொடுத்திருக்கலாமோ என்று ஒருபோதும் நினைக்கவில்லை.

கணவரோடு இருபது நாள் பேசவில்லை. ஒரு காலை காப்பி டம்ளரை என் முன்னால் வைத்து, "கை வச்சிருக்கக் கூடாது" என்றார். "ஆமா" என்றேன். அதற்கு மேல் அவரையும் இழுக்கவில்லை, நானும் இறங்கி வரவில்லை. நட்டதில் மூன்று செடி பட்டுப்போனது. மீதி ஒரு மாதத்தில் பழையபடி பூத்தன. பட்டுப்போனதற்குப் பதிலாக வெள்ளை நிறத்தில் வாங்கி, மதிலுக்கு வெளியேயும், தெருவில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி நட்டேன். இதை வீம்பு என்று சொன்னால் மறுக்க மாட்டேன். தெருப் பெண்கள் காலையில் சாமிக்குப் பூப் பறிக்கிறார்கள். இலையில் கை போனால் உள்ளிருந்தே குரல் கொடுப்பேன்.

போன வாரம் அண்ணி போன் செய்தார். இன்னொரு வரன், தை பிறந்ததும் பார்க்க வருகிறார்களாம். மகளைக் கேட்டேன், வரட்டும் என்றாள்.

"செடிய ஒண்ணும் பண்ண மாட்ட, தெரியும்" என்றார் அண்ணி. "அவங்க வரும்போது வாயயாச்சும் மூடிகினு இரு."

"கேட்டாங்கன்னா சொல்லுவன் அண்ணி."

பஜ்ஜிக்கு வாழைக்காயைத் தானே கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.