யாரும் தொடாத கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் எங்கே போனாலும் நாம் கேட்பது "என்ன பண்ணீங்க?", அவர்கள் சொல்வது "ஒண்ணுமே பண்ணல". இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் பிழைப்பு ஓடுகிறது.

நான் ஓசூரில் கடை வைத்திருக்கிறேன் என்று பேர். உண்மையில் பாதி நாள் பைக்கில்தான் இருக்கிறேன், ஒரு நாள் சிப்காட், மறுநாள் தளி, அடுத்த நாள் கிருஷ்ணகிரி. பையில் ஒரு லேப்டாப், ஸ்க்ரூ டிரைவர் செட், விண்டோஸ் போட்ட பென் டிரைவ் இரண்டு. சக தொழிலாளிகள் இதைத் தலையாட்டிக்கொண்டே படிப்பீர்கள் என்று தெரியும். எங்களைக் கூப்பிட்டுவிட்டுப் பின்னால் நின்று பார்ப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சுத்தம் செய்தவர்

சிப்காட்டில் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனி. ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, நீலத் திரை வருகிறது, தானே அணைகிறது, மறுபடி ஆன் ஆகிறது. வைரஸ் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் பென் டிரைவிலிருந்து உள்ளே போய்ப் பார்த்தால், விண்டோஸ் உயிர் வாழத் தேவையான சிஸ்டம் ஃபைல்களில் ஒரு பெரிய பங்கைக் காணோம். வைரஸ் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யாது. எல்லாம் தேதி வாரியாக, பழசிலிருந்து புதுசு வரை, வரிசையாக அழிக்கப்பட்டிருந்தன.

இங்கே ஃபேக்டரிகளில் ஃபைவ் எஸ் என்று ஒன்று உண்டு. வேண்டாததை ஒதுக்கு, வேண்டியதை அடுக்கு, சுத்தமாக வை என்று சுவரெல்லாம் எழுதி ஒட்டியிருப்பார்கள். ஆறு மாதமாக யாரும் எடுக்காத பொருளுக்குச் சிவப்புச் சீட்டு கட்டி வெளியே தள்ளிவிடுவார்கள். மறுவாரம் ஆடிட் வருகிறது என்று ஸ்டோர்ஸ் கீப்பர் ரேக்கையெல்லாம் முடித்துவிட்டு, அதே சூட்டோடு சி டிரைவுக்குள்ளும் இறங்கிவிட்டார். அழிக்க அனுமதி இல்லை என்று விண்டோஸ் தடுத்திருக்கிறது. விடாமல் வீடியோ பார்த்து அனுமதியையும் வாங்கியிருக்கிறார். அந்த உழைப்பைப் பார்த்து எனக்குக் கோபம்கூட வரவில்லை. விண்டோஸை மறுபடி நிறுவி முடித்து, "ஏங்க இப்படி?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "ஒண்ணுமே பண்ணல சார், பழசை மட்டும் ஒதுக்கினேன். ஆறு மாசமா யாருமே தொடாத ஃபைலு எதுக்கு சார் நமக்கு?"

எடைமேடை

குந்தாரப்பள்ளி தாண்டி நெடுஞ்சாலை ஓரமாக ஒரு லாரி எடைமேடை. கிரானைட் கல், தக்காளி, சீசனில் மாங்காய், எல்லாம் அங்கே ஏறி இறங்கும். உரிமையாளர் நஞ்சப்பா, பக்கத்தில் நிலபுலன் உள்ளவர். எடை போட்டுச் சீட்டு அடித்துக் கொடுப்பது மஞ்சுளா. வேப்பனப்பள்ளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருகிறவர்.

ஒரு காலை நஞ்சப்பா போன் செய்தார். போனேன். கேட்டில் உடைத்துப் போட்டிருந்த பூசணியில் பைக் டயர் வழுக்கி, விழாமல் தப்பினேன். உள்ளே எடைப்பெட்டியில் எண் தெரிகிறது, கம்ப்யூட்டருக்கு மட்டும் வந்து சேரவில்லை. வெளியே ஏழெட்டு லாரி. ஒரு கன்னட டிரைவர் ஜன்னலில் தட்டி "பேகா, பேகா" என்று அவசரப்படுத்துகிறார். மஞ்சுளா பெட்டியைப் பார்த்து எடையைக் கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எடைப்பெட்டியிலிருந்து வரும் ஒயர் யுஎஸ்பி ஓட்டையில் சொருகியிருக்கும். அந்த ரக ஒயரை எந்த ஓட்டையில் சொருகுகிறோமோ அதற்கு விண்டோஸ் ஒரு எண் கொடுக்கும். மூன்று என்று கொடுத்திருந்தால், எடை சாஃப்ட்வேர் மூன்றாம் எண்ணில்தான் காது வைத்துக் கேட்கும். மாட்டியிருக்கும் கருவிகளைக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். மூன்று இல்லை, ஐந்து இருந்தது. சாஃப்ட்வேரில் ஐந்து என்று மாற்றியதும் எடை வந்துவிட்டது. ஏன் ஆச்சு என்று நஞ்சப்பா கேட்டார். நான் பையை மூடிக்கொண்டே, யாராவது ஒயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் மாட்டினால்தான் இப்படி ஆகும் என்று சொல்லிவிட்டேன். அந்த அறையில் உட்காருவது ஒரே ஒருத்தர். நஞ்சப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார். மஞ்சுளா என்னைப் பார்த்துச் சொன்னார்: "நான் தொடவே இல்லண்ணா."

ஏழு பிரிண்டர்கள்

எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் நினைப்புக்குத் தோதாக அடுத்த வாரமே தளியில் ஒரு கேஸ் கிடைத்தது. ரோஜாத் தோட்டம். பெட்டியில் ஒட்டும் லேபிள் வராமல், பறித்த பூ குளிர் அறையில் காத்திருந்தது. திறந்து பார்த்தால் மேசையில் இருப்பது ஒரு பிரிண்டர், கம்ப்யூட்டரில் இருப்பது ஏழு. ஒவ்வொரு முறை இடம் மாற்றி மாட்டும்போதும் விண்டோஸ் அதைப் புது விருந்தாளியாக நினைத்து டிரைவர் சாஃப்ட்வேர் போட்டு, ஒரு நகல் வைத்துக்கொண்டிருக்கிறது. லேபிள்கள் எல்லாம், மேசையில் இல்லாத நாலாவது பிரிண்டருக்குப் போய்க்கொண்டிருந்தன.

யார் கழற்றினார்கள் என்றால் ஒருவரும் இல்லை. ஆறு நகலை அழித்து ஒன்றை மட்டும் விட்டேன். லேபிள் வரத் தொடங்கியது. தோட்டத்துக்காரர் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏழும் ஒண்ணுதானா? ஏழுக்கும் பேப்பர் வாங்கி வெக்கணுமோன்னு இருந்தன்."

விண்டோஸ் நிரபராதி

முதல் போன் வந்து ஒரு மாதம் ஆகும்போது எடைமேடையிலிருந்து மறுபடி போன். இந்த முறை கேட்டில் பூசணியைப் பார்த்து ஒதுங்கியே போனேன். ஐந்து போய் ஏழு வந்திருந்தது.

நஞ்சப்பா வாசலில் நின்றார். அவர் கத்தவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. கம்ப்யூட்டரில் எடை வராத நேரத்தில் சீட்டைக் கையால்தானே எழுத வேண்டும், டிரைவருக்கு வேண்டிய எடையை எழுதிக் கொடுக்க வேண்டுமென்றே ஒயரைப் பிடுங்குகிறாள் என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. அதை விதைத்தது என் வாய். "சாயந்திரம் சாவியைக் குடுத்துட்டுப் போம்மா" என்று மஞ்சுளாவிடம் சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் போனார். வேலை போவது ஒருபுறம். எடையில் கை வைத்தவள் என்று பேர் வாங்கினால் இந்த ரோட்டில் இன்னொரு எடைமேடையில் யார் சேர்ப்பார்கள்?

எப்படியாவது குற்றத்தை விண்டோஸ் தலையில் கட்டப் பார்த்தேன். மாதாமாதம் அப்டேட் வருகிறதே, அது அந்த ஒயருக்கான டிரைவர் சாஃப்ட்வேரைக் குழப்பியிருக்கும் என்று தேடினேன். இந்த வாரம் எந்த அப்டேட்டும் இறங்கவில்லை. சிஸ்டம் ஃபைல்களைச் சோதிக்கும் கட்டளையைக் கொடுத்து, நூறு சதவீதம் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு பழுதும் இல்லை என்று வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, நன்றாக இருக்கும் விண்டோஸைப் பார்த்து வருத்தப்பட்டேன். மஞ்சுளா அழவில்லை. ஒரு லாரிக்குச் சீட்டு எழுதி முடித்து, பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்: "ஏண்ணா, இந்த ஒயர எப்பக் கழட்டி எப்ப மாட்டினாங்கன்னு கம்ப்யூட்டர் எங்கியும் எழுதி வெக்காதா?"

காலை ஆறு ஐந்து

எழுதி வைக்கும். புதிதாக ஒரு கருவி மாட்டினால் எந்த நாள், எத்தனை மணி என்று விண்டோஸ் குறித்துக்கொள்ளும். பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அது எனக்குத் தெரியும், பார்க்கத்தான் தோன்றவில்லை. குற்றவாளி யாரென்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவனுக்கு எதற்குச் சாட்சி?

திறந்தேன். ஏழாம் எண் மாட்டப்பட்டது இன்று காலை ஆறு ஐந்துக்கு. ஐந்தாம் எண், போன மாதம் ஒரு நாள், காலை ஆறே காலுக்கு. மஞ்சுளாவின் பஸ் வந்து சேருவதே எட்டரைக்கு. அவர் எழுந்து போய், உரக்கடை கொடுத்த மாதக் காலண்டரில் இன்றைய தேதியில் விரலை வைத்தார். கருப்பு வட்டம். தாளைத் தூக்கிப் போன மாதத் தேதியைப் பார்த்தார். அதிலும் கருப்பு வட்டம். இரண்டும் அமாவாசை.

அப்போதுதான் எனக்குக் கண் திறந்தது. இரண்டு முறையும் கேட்டில் பூசணி. இரண்டு முறையும் சிபியூவின் நெற்றியில் ஈரம் காயாத சந்தனம், நடுவில் குங்குமம். அதன்மேல் கை வைத்துக்கொண்டேதான் யார் தொட்டது என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். நஞ்சப்பா டீ குடித்துவிட்டு வந்தார். காலையில் பூஜை யார் செய்தது என்று கேட்டேன். நான்தான், இன்னொரு சாவி எங்கிட்டதான இருக்குது என்றார். அமாவாசைதோறும் விடிவதற்குள் வந்து, ஒயர்களையெல்லாம் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, பொட்டு வைத்து, திரும்ப மாட்டி, ஆன் செய்து, எரியும் திரைக்குக் கற்பூரம் காட்டிவிட்டுப் போவாராம். முன்பெல்லாம் துடைத்துப் பொட்டு வைப்பதோடு சரியாம். ரெண்டு மாதமாகத்தான், நன்றாகத் துடைக்க வேண்டுமென்று ஒயரையும் கழற்றுகிறாராம். நான் திரையைக் காட்டினேன். படித்தார். மஞ்சுளாவின் பக்கம் திரும்பாமல் என்னிடமே சொன்னார்: "நான் ஒண்ணுமே பண்ணலப்பா. தொடச்சேன், பொட்டு வெச்சேன், கழட்டினத அப்படியே மாட்டினேன்."

பொட்டு

அன்று சாயந்திரம் சாவி கைமாறவில்லை. நஞ்சப்பா வாயைத் திறந்து வருத்தம் சொன்னதாகத் தெரியவில்லை. நான் சொன்னேன். மஞ்சுளா "பரவால்லண்ணா" என்று ஜன்னல் பக்கம் திரும்பி அடுத்த லாரியைக் கூப்பிட்டார். அந்தப் பரவாயில்லையில் பாதி கூட எனக்குச் சேரவில்லை என்று தெரிந்தது.

அடுத்த அமாவாசைக்குப் போன் வரவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிருஷ்ணகிரிக்குப் போகிற சாக்கில் நானே எடைமேடையில் நிறுத்தினேன். பூசணி இருந்தது, சந்தனம் இருந்தது, எடையும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. எப்படி என்று கேட்டேன். மஞ்சுளா சிபியூவைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் ஒரே ஒரு யுஎஸ்பி ஓட்டைக்கு மேல் மட்டும் சின்னதாக ஒரு குங்குமப் பொட்டு, அழியாமல் இருக்க மேலே டேப். முதல் நாளே வைத்துவிட்டு, பொட்டு இருக்கும் இடத்தில்தான் சொருக வேண்டும், மாற்றினால் சாமிக்கு ஆகாது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டாராம். அவரும் பயபக்தியோடு அதிலேயே சொருகிவிட்டுப் போயிருக்கிறார். நானாக இருந்தால் அரை மணி நேரம் டிரைவர் சாஃப்ட்வேர் பற்றி விளக்கியிருப்பேன், ஒன்றும் நடந்திருக்காது. சிரித்துக்கொண்டே கிளம்பினேன். சீட்டைக் கிழித்துக்கொண்டே மஞ்சுளா சொன்னார்: "அண்ணா, அன்னிக்கி என்னைய மட்டுந்தான சந்தேகப்பட்டீங்க, தொட்டீங்களான்னு எங்க சாரைக் கேக்கவே இல்லியே."

இப்போதெல்லாம் "ஒண்ணுமே பண்ணல" என்று யார் சொன்னாலும் நம்பிவிடுகிறேன், போன் செய்து கூப்பிட்டவரின் விரலில் சந்தனம் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்கிறேன்.