சீட்டு ஏறினால்தான் நான் ஏறுவேன்

பஸ் ஓட்டுவது கண்ணும் கையும் காலும் செய்கிற வேலை என்று வெளியில் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் அது முதுகு செய்கிற வேலை. தொண்ணூறுகளின் கடைசியில் மதுரை–உசிலம்பட்டி தனியார் பஸ்ஸில் டிரைவராக இருந்தேன். இரும்புச் சட்டத்தின்மேல் ஒரு பஞ்சுத் திண்டு, அதுதான் என் சீட்டு. ஒவ்வொரு பள்ளமும் நேராக இடுப்பில் இறங்கும். வலது கால் அடிக்கடி மரத்துப்போக ஆரம்பித்தது. இப்படியே போனால் ஒருநாள் பிரேக்கில் வைத்த கால் அமுக்காது என்று டாக்டர் சொன்னார். முதுகுவலிக்காரர்களே, உங்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம்.

டியூப் வைத்தியம்

எங்கள் டிரைவர்களிடம் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு: பழைய ஸ்கூட்டர் டியூபைத் திண்டுக்கு அடியில் போட்டு உட்காருவது. அரைக்காற்றுதான் அடிக்க வேண்டும். நான் பேராசைப்பட்டு முழுக்காற்று அடித்துவிட்டேன். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு வேகத்தடையில் ஏறியதும் என் தலை கூரையில் இடித்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தொங்கிய என்னைப் பார்த்து கண்டக்டர் பாண்டி கத்தினான்: "அண்ணே, இம்புட்டுத் துள்ளுனா வண்டிய யாருண்ணே ஓட்டுறது?"

தலையாட்டி

அடுத்து, வெல்டிங் பட்டறை சேவியரிடம் போய் சீட்டுக்கு அடியில் நாலு ஸ்பிரிங் வைத்துக்கொண்டேன். இடி நின்றது, ஆட்டம் நிற்கவில்லை. பள்ளத்தைத் தாண்டி வண்டி அடங்கிய பிறகும் நான் மட்டும் மேலும் கீழும் ஆடிக்கொண்டே போவேன்.

கருமாத்தூர் தாண்டி வந்துகொண்டிருந்தபோது, கூடையோடு முன்னால் நின்ற ஒரு அம்மா, "கிளை ரோட்டுல நிப்பாட்டுவியாப்பா?" என்று கேட்டிருக்கிறார். இன்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவே இல்லை. சீட்டு ஆடியது, தலையும் ஆடியது. கிளை ரோடு பின்னால் போனதும் அந்த அம்மா பிடித்துக்கொண்டார்: "சரி சரின்னு மாடு மாதிரி தலைய ஆட்டிட்டு, இப்ப நிக்காம போறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?"

முதலாளியின் கேள்வி

மறுபடி போய் நின்றதும் சேவியர் யோசித்து, பழைய பைக் ஒன்றின் ஷாக் அப்சர்பரை ஸ்பிரிங்குகளுக்கு நடுவில் சாய்வாகப் பொருத்தினார். ஸ்பிரிங் அடியை வாங்கி உடனே திருப்பிக் கொடுக்கும். திருப்பிக் கொடுப்பதை இது அடக்கிவிடும். உட்காருகிறவரின் எடைக்கு ஏற்ப முறுக்க ஒரு நட்டும் வைத்தார். அன்று உசிலம்பட்டியில் இறங்கியபோது என் கால் என்னுடையதாகவே இருந்தது. சந்தோஷத்தில் சேவியருக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

முதலாளி சீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். காசு என்னுடையது என்று சொன்னேன், காதில் வாங்கவில்லை. "எல்லாப் பயலும் சாக்க மடிச்சுப் போட்டு ஓட்டுறான், ஒனக்கு மட்டும் என்ன ராசா ஒடம்பா? கழட்டிப் போடுறா!"

தரையில் ஒரு சீட்டு

நான் கழற்றவில்லை. மறுநாள் காலையில் ஷெட்டுக்குப் போனால், அவரே ஆள் வைத்துக் கழற்றி மூலையில் வீசிவிட்டு, பழைய திண்டை மாட்டியிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சீட்டைத் தூக்கிவந்து பஸ்ஸுக்கு முன்னால் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தேன்.

"வண்டிய எடு" என்றார் முதலாளி.

"சீட்டு ஏறட்டும், நானும் ஏறுறேன்" என்றேன். வேலை போய்விடும் என்றார். கால் போவதற்குப் பதில் வேலை போகட்டும் என்றேன்.

எனக்குப் பதிலாக ஓட்ட, தன் இன்னொரு பஸ்ஸின் டிரைவர் முருகேசனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் வந்து என்னையும் பார்த்தான், பஸ்ஸில் இருந்த பழைய திண்டையும் பார்த்தான். "மாப்ள, கொஞ்சம் எந்திரி" என்றான். அவன் ஒல்லி, என் எடைக்கு முறுக்கியது அவனுக்கு அமுங்காது. நட்டைத் தளர்த்திக் கொடுத்தேன். உட்கார்ந்து இரண்டு தரம் எம்பிப் பார்த்தான். ஆடாமல் அடங்கியது. எழுந்திருக்கவே இல்லை. அப்படியே முதலாளியைப் பார்த்துச் சொன்னான்: "முதலாளி, என் வண்டிக்கும் இதே மாதிரி ஒண்ணு மாட்டிருங்க, பெறகு ரெண்டு பேருமே வாரோம்."

உரிமைக்காக எழுந்து நிற்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் பேசட்டும், டிரைவர்கள் நாங்கள் உட்கார்ந்தேதான் வாங்கினோம்.