பங்களா டெலிபோனுக்கு ஒரு ரசீது

"உங்க வீட்டுல பழைய சாமான்னு என்ன இருந்திருக்கும், பழைய சோத்தைத் தவிர? நீ போயி டெலிபோன் வாங்கிட்டு வரப் போறியா?"

முதலாளி இப்படிக் கேட்டபோது கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். அவர்களும் சிரித்தார்கள். நான் தூசி தட்டும் துணியை மடித்து மேசையில் வைத்துவிட்டு, "வாங்கிட்டு வந்தா?" என்றேன்.

"வந்தா, வெளியில போயி வாங்குற வேலை இனி ஒனக்கு. வராட்டி சாகுற வரைக்கும் இந்தத் துணிதான்."

கண்டி நகரத்தில், ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தக் கடை. பழைய மணிக்கூடு, கிராமபோன், பித்தளை விளக்கு, டெலிபோன் எல்லாம் விற்றோம். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஹோட்டல்காரர்கள். என் வேலை தூசி தட்டுவதும், ஒவ்வொரு சாமானுக்கும் ஆங்கிலத்தில் சிறிய அட்டை எழுதி வைப்பதும். பள்ளிக்கூடத்தில் உயர்தரப் பரீட்சை சித்தியடைந்தவள் நான். தோட்டத் தொழிலாளர்களான எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட ஆள் கிடையாது. இதைச் சொல்ல நான் எங்கேயும் வெட்கப்பட்டதில்லை.

டெலிபோன்களை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தினமும் துடைத்த கைக்குத் தானாகத் தெரிந்தது. நிஜமான பழைய கறுப்பு டெலிபோனைப் பெருவிரலால் சூடேறும்வரை தேய்த்தால் ஆஸ்பத்திரியில் வருகிற மாதிரி ஒரு வாசம் வரும். புதிதாகச் செய்து பழசென்று விற்கிறவர்கள், கனம் காட்டுவதற்காக உள்ளே இரும்புத் துண்டு ஒட்டியிருப்பார்கள். வயர் நூல் சுற்றியதாக இருக்க வேண்டும். கட்டுகஸ்தோட்டையில் பழைய இரும்பு வாங்கும் கடையிலிருந்து உடைந்த டெலிபோன்கள் இரண்டை நானே வாங்கி, போர்டிங் அறையில் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தேன். அன்று காலை, கடையின் வெளிவேலை ஆள் பெருமையாகக் கொண்டுவந்த டெலிபோனின் உடம்பு ஒரு காலத்தது, ரிசீவர் வேறு காலத்தது என்று நான் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அந்தக் கோபத்தில்தான் முதலாளி பழைய சோற்றை இழுத்தார்.

அப்போது ஒரு ஹோட்டல்காரர் எங்களிடம் ஒரு டெலிபோன் கேட்டிருந்தார். பழைய தோட்டத்து பங்களா ஒன்றை அவர் ஹோட்டலாக மாற்றியிருந்தார். எண் சுழற்றும் வட்டம் இல்லாத, பக்கத்தில் கைப்பிடியைச் சுற்றி எக்ஸ்சேஞ்சைக் கூப்பிடுகிற வகை வேண்டும், அதுவும் ஒரு பங்களாவில் இருந்ததாகவே வேண்டும் என்றார். பன்வில பக்கத்துத் தோட்டமொன்றில் அப்படியொன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு எங்கள் வெளிவேலை ஆள் இரண்டு முறை போனார். வீட்டுக்காரர் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாராம். தோட்டத்தின் பெயரைச் சொன்னதுமே அது யார் வீடென்று எனக்குத் தெரிந்தது. என் அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன். என் பெரியப்பா. முதலாளியிடம் இந்த உறவைச் சொல்லாமல் "நான் போறேன்" என்று மட்டும் சொன்னபோதுதான் அந்தப் பழைய சோற்றுக் கேள்வி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறினேன்.

பெரியப்பா அந்தத் தோட்டத்து பங்களாவில் அப்புவாக இருந்தவர். சமையல், மேசை, படுக்கை எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் தோட்டத்தில் அவருக்கு மரியாதை வந்தது டெலிபோனால். பங்களாவில் இருந்த தோட்டத் துரை வெளியே போயிருந்தால் மணி அடிக்கும்போது அதை எடுக்க அனுமதி உள்ள ஒரே தோட்டத்து ஆள் அவர்தான். பிறகு புது டெலிபோன் வந்தது. பழையதைத் தூக்கி எறியச் சொன்ன துரையிடம், "எனக்குத் தாங்க சார்" என்று கேட்டு வாங்கி தொழிலாளர் லயத்தில் தன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

எனக்கும் அவருக்கும் வேறொரு கணக்கு உண்டு. நான் ஏழாம் வகுப்பில் படிக்கும்போதே அரசாங்கக் கந்தோரிலிருந்து வரும் கடிதங்களை என்னிடம்தான் கொண்டுவருவார். ஈ.பி.எஃப். கடிதம், அடையாள அட்டைக் கடிதம் எல்லாவற்றையும் நான் படித்துச் சொல்ல, அவர் மடித்துக் கட்டிய சாரத்தை மரியாதையாக இறக்கிவிட்டு நின்றுகொண்டு கேட்பார். கடிதத்தில் இருப்பதை நான் சொன்னால் அது அவருக்கு நடந்து முடிந்த விஷயம். அந்த வயதிலேயே அது எனக்குப் பிடித்திருந்தது.

"வா புள்ள. கண்டித் தண்ணி ஒத்துக்கிருச்சு போல, கலராயிட்டியே" என்று பெரியப்பா வாசலிலேயே வரவேற்றார்.

"டெலிபோனக் காட்டுங்க பெரியப்பா."

"ஒனக்குமா? இப்பதான் ஒரு ஆளு வந்தான், ரெண்டு தடவை. விக்கிறியான்னு கேட்டான். பொண்டாட்டிய விக்கிறியான்னு கேட்டிருந்தாக்கூட யோசிச்சிருப்பேன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"அதத்தான் இத்தனை வருசமா ஒருத்தனும் கேக்கலியே!" என்று அடுப்படியிலிருந்து பெரியம்மா கத்தினார்.

டிவி வைத்திருந்த அலுமாரியின் மேல்தட்டில், பூ வேலை செய்த துணியால் மூடி இருந்தது டெலிபோன். துணியை எடுத்து, பெருவிரலால் தேய்த்து முகர்ந்தேன், அதே ஆஸ்பத்திரி வாசம். ஒரு கீறல் இல்லை. வயரின் நூல்கூடப் பிரியவில்லை. இவ்வளவு சுத்தமாக ஒன்று எங்கள் கடைக்கு வந்ததே கிடையாது. அதற்குக் காரணத்தைப் பெரியப்பாவே சொன்னார். யுத்தப் பிரச்சினைக் காலத்தில் ஒருநாள் லயங்களில் ஆமி செக்கிங் நடந்தது. பக்கத்து லயத்தில் ஒருவர் பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டிருந்தார். வயரைக் கண்டதும், குண்டு செய்கிறாரென்று அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பியவர் அதன்பிறகு யாரோடும் பேசவில்லை. அன்று ராத்திரியே பெரியப்பா டெலிபோனைத் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளில் சுற்றி, மரக்கறித் தோட்டத்தில் புதைத்துவிட்டார். பல வருடம் அது போஞ்சிச் செடிகளுக்குக் கீழே கிடந்தது. சண்டையெல்லாம் முடிந்து ஊர் அடங்கிய பிறகுதான் தோண்டி எடுத்தார்.

"நானே வாங்கிக்கிறேன் பெரியப்பா. எங்க கடைக்கு. நல்ல வெலை வாங்கித் தாரேன்."

அவர் சிரிக்கவில்லை. "இது இருக்கிறதாலதான் நான் அப்பு. இது போயிருச்சுன்னா லயத்துல இன்னொரு கெழவன். வேற ஏதாச்சும் கேளு புள்ள, தாரேன்."

அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வெறுங்கையோடு பஸ் ஏறி, துணியை எடுத்துத் தூசி தட்டப் போயிருக்க வேண்டும். ஆனால் அவரே டெலிபோனைத் தூக்கிக் கவிழ்த்துப் பிடித்தார்.

"அடியில என்னமோ எழுதியிருக்கு. யாருகிட்டயும் காட்டுனதில்ல. நீதான் நம்ம புள்ள. படிச்சுச் சொல்லு."

அடித்தகட்டில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. எங்கள் கடையில் பத்து டெலிபோன்களிலாவது அதே வாசகம் உண்டு. அந்தக் காலத்தில் எல்லா டெலிபோனும் அரசாங்கத்துடையது. வீட்டுக்காரருக்கு இரவல்தான். இன்றைக்கு அந்த எழுத்துக்கு ஒரு பலனும் இல்லை, அதைத் தேடி யாரும் வரப் போவதில்லை. இவ்வளவும் எனக்குத் தெரியும்.

"அரசாங்க உடைமை" என்று படித்தேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"அப்டின்னா?"

"கவர்மெண்டோடதுன்னு அர்த்தம்."

"துரைதானே குடுத்தாரு."

"துரைக்குச் சொந்தமில்லாதத துரை எப்படிக் குடுப்பாரு?"

பெரியம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டார். "அன்னைக்கே தூக்கி ஆத்துல போடுன்னேன். கேட்டாரா இந்த மனுசன்? எழுத்தே சொல்லுது பாரு."

"இன்னமும் தேடுவாங்களா புள்ள?" என்று பெரியப்பா கேட்டார்.

பெரியம்மா தேத்தண்ணியும், நக்கிக் குடிக்க என் கையில் கொஞ்சம் சீனியும் தந்திருந்தார். கையில் கொட்டியிருந்த சீனியை நக்கிக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தேன். அந்த வீட்டில் எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கமான விஷயம்தான். அன்றைக்கு அதை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கவிட்டேன்.

"நீ கண்டியில இருக்கிறவ" என்றார் கடைசியில். "எங்க பேரு வராம கொண்டு போயிருவியா?"

"கொண்டு போறேன் பெரியப்பா."

பையிலிருந்து காசை எடுத்து நீட்டினேன். அவர் கொதிக்கிற சட்டியைத் தொட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். "கவர்மெண்டு சாமானுக்குக் காசு வாங்குனா அது தனிக் கேசு. உள்ள வை."

நான் அதைப் பெட்டியில் வைப்பதற்கு முன்னால், ஒரு தடவை பேசிக்கொள்கிறேன் என்றார். மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டார். கைப்பிடியைச் சுற்றி, ரிசீவரைக் காதில் வைத்து, "பங்களா ஸ்பீக்கிங், சார்" என்றார். பிறகு யாரோ பேசுவதைக் கேட்பது போலக் கொஞ்ச நேரம் நின்றார். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கைப்பிடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றும்போது உள்ளே சக்கரத்தின் பல் வழுக்குகிறதா என்று. வழுக்கவில்லை.

மறுநாள் முதலாளி அதைக் கவிழ்த்துப் பார்த்து, பெருவிரலால் தேய்த்து முகர்ந்து பார்த்துவிட்டு, "எப்படிக் குடுத்தான் கெழவன்?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். இந்த முறையும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. "முப்பது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். இவ்வளவு சுத்தமா நான்கூட ஒரு சாமானைக் கழட்டுனதில்ல." கீழே கடையிலிருந்து வடையும் தேத்தண்ணியும் வரவழைத்தார். எனக்கு உட்கார ஒரு கதிரை போடச் சொன்னார். வெளிவேலை ஆளைக் கூப்பிட்டு, தூசி துடைக்கும் துணியை அவர் கையில் கொடுத்தார். அந்த மனிதருக்கு என் அப்பாவின் வயது. துணியைப் பிடித்துக்கொண்டு எங்கே தொடங்குவதென்று தெரியாமல் நின்றார். நான் வடையைச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று அம்மா போர்டிங்குக்கு வந்தாள். பெரியப்பா சரியாகத் தூங்குவதில்லையாம். ரோட்டில் வாகனச் சத்தம் கேட்டால் பின்பக்கமாகப் போய் நிற்கிறாராம்.

"ஒப்படைச்சாச்சுன்னு ஒரு துண்டு கடுதாசி வேணுமாம். யாராச்சும் வந்து கேட்டா காட்டுறதுக்கு."

"எழுதித் தாரேன்."

"அது கவர்மெண்டுக்குத்தானே போச்சு?"

"போக வேண்டிய எடத்துக்குப் போயிருச்சும்மா."

நல்ல காகிதமொன்றை எடுத்து, பழைய டெலிபோன் ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது என்று தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்று மொழியிலும் எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வைத்தேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. என் சிங்கள எழுத்தைப் பார்த்து அம்மாவுக்குப் பெருமை. படிக்கத் தெரியாவிட்டாலும் வரிசை நேராக இருப்பது அவளுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் அதே காகிதத்தோடு திரும்பி வந்தாள். எட்டாக மடித்திருந்தது.

"சீல் இல்லாத கடுதாசி ஒரு கடுதாசியான்னு கேக்குறாரு. படிச்ச புள்ளைக்கு இது தெரியாதான்னும் கேட்டாரு."

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். கீழே இருந்த உடைந்த டெலிபோனில் கால் இடித்தது. குனிந்து அதைப் பார்த்தாள். கவிழ்த்து, அடியிலிருந்த எழுத்தை விரலால் தடவினாள்.

"கவர்மெண்டுக்குப் போகலேன்னு உள்ளதைச் சொல்லிட்டா என்னடி? மனுசன் பயந்தே செத்துருவாரு."

"சொன்னா பயம் போயிரும். அடுத்த பஸ்ஸுல கடை வாசல்ல வந்து நிப்பாரு."

"நிக்கட்டுமே."

"அவரு நின்னா நான் நிக்க முடியாது. டெலிபோன் ஹோட்டலுக்குப் போயாச்சு. அங்க அதைத் தூக்கி வச்சு போட்டோ புடிக்கிறாங்க."

அம்மா எழுந்து சேலையைச் சரிசெய்தாள். "கடுதாசி இங்கயே இருக்கட்டும். சீலோ என்னமோ, நீயே செய்யி. ஆனா அவரு வந்து கேட்டா நீதான் பேசணும். எனக்கு ஒன்னுந் தெரியாது." வாசல்வரை போனவள் நின்றாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தது தெரிந்தது. பிறகு சொன்னாள். தோட்டத்தின் கீழ் டிவிசனில் ஒரு வீட்டில் பங்களா மணிக்கூடு இருக்கிறதாம். இன்னொரு வீட்டில் சாக்கில் சுற்றி வைத்த டெலிபோன். பெரியப்பா வீட்டு விஷயம் பரவி, அவர்களும் பயந்துபோய் இருக்கிறார்கள். அந்தப் புள்ளையிடம் கொடுத்தால் ரசீது வருமாமே என்று அம்மாவிடம் விசாரித்திருக்கிறார்கள்.

"எத்தனை வீடு?" என்று கேட்டேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். படியிறங்கிப் போய்விட்டாள். காகிதம் கட்டிலில் கிடந்தது.

அன்று மாலையே நகரத்தில் ரப்பர் சீல் செய்கிறவரிடம் போனேன். வட்டமாக வேண்டும் என்றேன். எங்கள் ஆட்களுக்குச் சதுர சீல் என்றால் கடைக்காரன், வட்ட சீல் என்றால் கந்தோர். சுற்றிவர மூன்று மொழியிலும் 'பெற்றுக்கொண்டோம்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

"நடுவுல வெறுமையா இருக்கே தங்கச்சி, கவர்மெண்டு முத்திரை மாதிரி சிங்கம் ஒன்னு போடவா?" என்று கேட்டுவிட்டுத் தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.

"சிங்கம் வேணாண்ணே. தேயிலையில ரெண்டு எலையும் ஒரு கொழுந்தும் போடுங்க."

சனிக்கிழமை சீல் கிடைத்தது. பெரியப்பாவின் காகிதத்தில் முதலில் அடித்துப் பார்த்தேன், மை கச்சிதமாகப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில், அவர் வீட்டுக்குத் திரும்பும் சந்தியில் இறங்கி, காகிதத்தைச் சந்திக் கடையில் அவரிடம் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, சீலும் வெற்றுக் காகிதங்களும் பையில் இருக்க, கீழ் டிவிசனுக்கு நடந்தேன்.